வானில் ஒரு நேர்கோடு

நுழையும்முன்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எவ்வளவு தூரம் என்னும் கேள்விக்கு நிலப்படம் ஒரு விடை தரும். அவ்வூர்களின் வரலாறு வேறொரு விடை தரும். சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இடையே உள்ள வான்வழியை, பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் குடும்ப அனுபவத்தோடு இக்கட்டுரையில் அளந்து பார்க்கிறார்.

தாளில் ஒரு கணக்கு

சென்னை வானூர்தி நிலையம் 12 பாகை 59 கலை வட அட்சத்தில் அமைந்துள்ளது. யாழ்ப்பாணத்தின் பலாலி வானூர்தி நிலையம் 9 பாகை 48 கலை வட அட்சத்தில் இருக்கிறது. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் பங்கைக் கலை என்பது நம் பழைய வானியல் வழக்கு. பஞ்சாங்கம் கணிப்போர் இன்றும் அச்சொல்லை ஆள்கின்றனர். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது 3 பாகை 11 கலை; அதாவது 191 கலை.

இதன்பின் கணக்கு மிக எளிது. வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் கடக்கும் தொலைவையே கடலோடிகள் ஒரு கடல் மைல் எனக் கொண்டனர். இன்று அதன் நீளம் 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது. கப்பலோட்டிகளிடமிருந்து அந்த அளவை வானோடிகள் அப்படியே பெற்றுக்கொண்டனர். ஆகவே, 191 கலை என்பது 191 கடல் மைல். பெருக்கினால் ஏறத்தாழ 354 கி.மீ. வருகிறது. கணிப்பொறியோ செயற்கைக்கோளோ வேண்டியதில்லை. நிலப்படப் புத்தகமும் எழுதுகோலும் இருந்தால் எவரும் இதைச் செய்யலாம்.

எல்லா ஊர்களுக்கும் கணக்கு இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. கிழக்கு மேற்காக நெடுந்தொலைவு விலகிய ஊர்களுக்கு இடையே உருண்டையான புவியின்மீது வளைந்து செல்லும் பெருவட்டத்தைக் கணக்கிட வேண்டும். அதற்குக் கோண இயல் வேண்டும். சென்னையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில் இருப்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒன்று 80 பாகை 10 கலை, மற்றது 80 பாகை 4 கலை. வேறுபாடு ஆறே கலை. புவி ஒரு கலை சுழல நான்கு விநாடி ஆகும். எனவே, மீனம்பாக்கத்தில் கதிரவன் உச்சிக்கு வந்த 24 விநாடிகளில் பலாலியிலும் உச்சிக்கு வந்துவிடும்.

இந்த 24 விநாடியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். 1996ஆம் ஆண்டு மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை தன் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. பின்னர் அதை அரை மணியாகக் குறைத்தது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம்வரை அந்த அரை மணி வேறுபாடு நீடித்தது. கதிரவனுக்கு 24 விநாடியாக இருந்தது கடிகாரத்துக்கு 1,800 விநாடி ஆயிற்று. அக்காலத்தில் அரிதாகக் கிடைத்த தொலைபேசி அழைப்புகளில், "அங்கே இப்போது என்ன நேரம்?" என்றுதான் என் அம்மா பேச்சைத் தொடங்குவார்.

ஐம்பத்தேழு நாள்

சென்னையில் விமானம் ஏறும் மாணவர்கள் சாளரத்தின் வழியே ஒரு குன்றைக் காணலாம். அது பரங்கிமலை. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அளவையாளர் இம்மலையின் அடிவாரத்திலிருந்துதான் இந்தியப் பெருநில அளவைப் பணியின் முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி, வெயிலில் எஃகு நீள்வதையும் கணக்கில் கொண்டு, ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள கோட்டை அளந்து முடிக்க அவருக்கு 57 நாள் ஆயிற்று. இந்த அட்சங்களில் ஒரு பாகையின் உண்மையான நீளம் யாது என்று காண்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. மேலே நான் ஒரே வரியில் பெருக்கி எழுதிய கணக்குக்குப் பின்னால் இத்தகைய உழைப்பு இருக்கிறது. மீனம்பாக்கத்தின் ஓடுபாதைக்கு அருகிலேயே அது நிகழ்ந்தது என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் பயணியர்க்குச் சொல்வதில்லை.

கட்டை எடுத்த நேரம்

சென்னைக்கும் பலாலிக்கும் இடையே பறப்பவை ஏ.டி.ஆர். 72 வகையைச் சேர்ந்த, சுழல் விசிறிகள் கொண்ட விமானங்கள். இவற்றுக்கு மிக நீண்ட ஓடுபாதை தேவையில்லை. நடுவானில் மணிக்கு 500 கி.மீ. அளவில் செல்லும். 354ஐ 500ஆல் வகுத்தால் 42 நிமிடம் வருகிறது. ஆனால், என் பயணச்சீட்டில் அச்சிடப்பட்டிருந்த பயண நேரம் ஒரு மணி இருபது நிமிடம். எஞ்சிய 38 நிமிடம் எங்கே போயிற்று?

நின்றிருக்கும் விமானம் நகராதிருக்க அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைப்பார்கள். புறப்படும்போது கட்டையை எடுப்பார்கள். போய்ச் சேர்ந்து நின்றதும் மீண்டும் கட்டையை வைப்பார்கள். எடுத்த நொடிமுதல் வைத்த நொடிவரை உள்ள காலத்தை வானூர்தித் துறையினர் பிளாக் டைம் என்பர். நாம் கட்டை நேரம் எனலாம். கால அட்டவணையில் அச்சிடப்படுவது இக்கட்டை நேரமே. விமானம் காற்றில் இருக்கும் நேரமன்று.

கட்டை எடுத்த விமானம் உடனே பறப்பதில்லை. ஓடுபாதையின் முனைவரை தவழ்ந்து செல்ல வேண்டும். முன்னே நான்கு விமானங்கள் நின்றால் ஐந்தாவதாகக் காத்திருக்க வேண்டும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே எழும். கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும் பிற்பகலில் சென்னையிலிருந்து எழும் விமானம் முதலில் கடலை நோக்கி ஏறிய பின்பே தெற்கே திரும்பும். மேற்குக் காற்று வீசும் வைகறையில் நிலத்தை நோக்கி ஏறி, வளைந்து வரவேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இராது. இறங்கும் இடத்திலும் காற்றின் திசைக்கேற்ப ஓடுபாதையின் எந்த முனையை அணுகுவது என்பது முடிவாகும். தவறான பக்கமாக வந்து சேர்ந்தால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தாமதமாக வந்தது என்னும் பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே அச்சிடுகின்றன.

காற்றின் பங்கையும் ஒரு கணக்காகப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் நிலத்தைக் கடக்கும் வேகம் 450 ஆகக் குறையும். 42 நிமிடம் 47 ஆகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 39 நிமிடம் போதும். குறுகிய வழியில் இது எட்டு நிமிட வேறுபாடு. நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்குக் கிழக்கு நோக்கிப் பறப்பவர்கள், திரும்பும் பயணத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர்ந்துவிடுவதும் இதனால்தான்.

தூரம் குறுகக் குறுக, கட்டை நேரத்தில் பறத்தலின் பங்கு சிறுத்து, காத்திருத்தலின் பங்கு பெருகிவிடுகிறது. பலாலி வழியில் இது நன்றாகத் தெரியும். இலங்கையின் முதல் விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் தொடங்கியபோது தேர்ந்துகொண்டது இவ்வழியைத்தான். சீதாதேவி எனப் பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையில் எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அந்நாளில் குறிக்கப்பட்ட அந்த நிலையமே பலாலி; இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்த களம். டக்கோட்டாவின் வேகம் மணிக்கு 300 கி.மீ.யை ஒட்டியது. பறக்கும் நேரம் என்று பார்த்தால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு அரை மணிக்குள் அடங்கிவிடும். 1947இல் இருந்த வழி 2018இல் இல்லை என்பதுதான் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

கடலைக் கடந்தவர்கள்

விமானம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கடலைத் தமிழர் கடந்துகொண்டுதான் இருந்தனர். 1849ஆம் ஆண்டு அச்சுப்பொறி வாங்கும் பொருட்டு நல்லூரிலிருந்து தமிழகம் வந்த ஆறுமுகனாருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. வாங்கிய பொறி கடல் கடந்து வண்ணார்பண்ணைக்குச் சென்றது. பின்னர் 1864இல் அவர் சிதம்பரத்தில் ஒரு பள்ளியை நிறுவினார். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். நாம் இன்று கையில் வைத்திருக்கும் பழந்தமிழ் நூல்களின் வரலாற்றில் இந்த 354 கி.மீ.க்கு ஓர் இடமுண்டு. தோணியிலும் மாட்டுவண்டியிலும் நாள்கணக்கில் செல்ல வேண்டியிருந்த அந்நாளில் அவர்கள் இருகரைகளையும் ஒரே முற்றமாகவே கருதி வாழ்ந்திருக்கின்றனர்.

என் அம்மா காங்கேசன்துறைக்கு அருகே உள்ள சிற்றூரில் பிறந்தவர். அப்பாவின் ஊர் கும்பகோணம். வாணிகத்தால் பழகிய இரு குடும்பங்கள் 1963ஆம் ஆண்டு மணவுறவால் இணைந்தன. மணமான கையோடு அம்மா தலைமன்னாருக்குத் தொடர்வண்டியில் வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தனுஷ்கோடிக்கு வந்தார். அந்தக் கடல்வழி ஏறத்தாழ 35 கி.மீ. கப்பலைவிட்டு இறங்கினால் எதிரிலேயே போட் மெயில் நிற்கும். அது சென்னை எழும்பூர்வரை செல்லும். ஊரில் ஏறியது முதல் கும்பகோணத்தில் இறங்கியது வரை எத்தனை மணி நேரம் என்று ஒருமுறை கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. கப்பலில் தந்த தேநீரில் சர்க்கரை குறைவு என்பது மட்டும் நினைவிருந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. தலைப்பேற்றுக்காக அம்மா தாய்வீடு சென்றது அவ்வழியே. நான் பிறந்தது அங்கேதான். என்னைத் தோளில் சுமந்து திரும்பியதும் அவ்வழியே. 1981ஆம் ஆண்டு சித்தியின் திருமணத்துக்குப் போனதுதான் அம்மா அந்தக் கப்பலில் சென்ற கடைசிப் பயணம். எண்பதுகளில் போர் மூண்டது, கப்பல் நின்றது. பலாலியைச் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். சித்தியின் குடும்பம் 1990இல் இடம்பெயர்ந்து, பல ஊர்களில் தங்கி, முடிவில் சுன்னாகத்தை அடுத்த ஒரு வீட்டில் குடியேறியது.

1993ஆம் ஆண்டு எங்கள் தாத்தா காலமானார். அச்செய்தி சுமந்த கடிதம் எங்கள் வீட்டை அடைய நாற்பது நாள் ஆயிற்று. யாழ்ப்பாண வழக்கப்படி முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கடனும் அதற்குள் முடிந்திருந்தது. அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குச் சென்று தலை முழுகினார். அன்று மாலை அடுப்பு எரியவில்லை. மறுநாள் நான் பள்ளிக்குச் சென்று எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அட்சக்கோடுகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் எடுத்துக்காட்டாக எழுதிய எண்கள்தாம் இக்கட்டுரையின் முதல் பத்தியில் உள்ளவை. கடிதம் நாளொன்றுக்கு ஒன்பது கி.மீ.கூட நகரவில்லை, லாம்டனின் சங்கிலியைவிட விரைவு, அவ்வளவே.

தலைக்குமேல் சென்ற வழி

போர் 2009இல் முடிந்தது. 2011ஆம் ஆண்டு அம்மாவை அழைத்துச் சென்றேன். அப்போது அவருக்கு வயது 68. முழங்கால் வலி தொடங்கியிருந்தது. பலாலிக்கு இந்தியாவிலிருந்து பயணியர் விமானம் இல்லை. கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து சாலைவழியே வடக்கே வரவேண்டும்.

இந்தப் பயணத்தின் வடிவத்தை நிலப்படத்தில் வரைந்து பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கொழும்பின் கட்டுநாயக்க நிலையம் 7 பாகை 11 கலை வட அட்சத்திலும் 79 பாகை 53 கலை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. சென்னையிலிருந்து அது 348 கலை தெற்கே; ஏறத்தாழ 645 கி.மீ. இரு நிலையங்களையும் அடிக்கோலால் இணையுங்கள். அந்தக் கோடு எவ்வூரின்மேல் செல்கிறது? யாழ்ப்பாண நகரத்தின்மேல்! பலாலியை ஐந்தாறு கி.மீ. தொலைவில் தொட்டும் தொடாமலும் கடந்து, நகரத்தின் தலைக்குமேல் ஏறி, அப்பால் மேலும் முந்நூறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே செல்கிறது. போக வேண்டிய ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, பின்னர் ஏறத்தாழ 400 கி.மீ. சாலைவழியே திரும்பி வரவேண்டும். 645உடன் 400ஐக் கூட்டினால் 1,045. நேர்வழியின் மும்மடங்கு.

விமானம் புறப்பட்ட அரை மணிக்குப்பின் கீழே மேகம் மூடியிருந்தது. கணக்கின்படி நாங்கள் வலிகாமத்தின் மேலே இருக்க வேண்டும். அம்மாவிடம் மெல்லச் சொன்னேன்: "இப்போது உங்கள் ஊருக்கு மேலேதான் இருக்கிறோம், அம்மா." அவர் சாளரத்தில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தார். வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரும்பி, நாற்பத்தெட்டு ஆண்டுகள் தமிழகத்தில் வாழ்ந்தும் மாறாத தம் ஊர்ப்பேச்சில், "அப்ப இதிலேயே இறக்கிவிடச் சொல்லன், தம்பி" என்றார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்ட நாங்கள் மறுநாள் விடியற்காலையில் சித்தியின் வீட்டை அடைந்தோம். வவுனியாவுக்கு வடக்கே சாலை பல இடங்களில் செப்பனிடப்பட்டுக்கொண்டிருந்தது. வழியில் நான்குமுறை இறங்கி அம்மா காலை நீட்டி நடந்தார். திரும்பி வந்தபின் மருத்துவர், இனி இத்தனை மணி நேரம் உட்கார்ந்து பயணம் செய்யக் கூடாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் தொடர்வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியதைச் செய்தித்தாளில் படித்துக் காட்டினேன். "கொழும்பிலிருந்துதானே?" என்று கேட்டுவிட்டு அம்மா பேச்சை மாற்றினார்.

மீண்டும் திறந்த வழி

2019ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணப் பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் சென்னையிலிருந்து முறையான சேவை தொடங்கியது. கோடை விடுமுறைக்குச் சீட்டு எடுத்தேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. வழி மீண்டும் மூடியது. சீட்டுப் பணம் திரும்பி வந்தது. அம்மாவின் பெட்டி மட்டும் கட்டியபடியே அலமாரிமேல் இருந்தது. அதனுள் சித்திக்கு வாங்கிய இரண்டு காஞ்சிபுரம் பருத்திச் சேலைகள். இடையில் சித்தி ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அம்மா அலைபேசித் திரையில் தங்கையின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருப்பார். திரை அணைந்தபின் சற்று நேரம் அதையே கையில் வைத்திருப்பார்.

2022 டிசம்பர் 12 முதல் விமானம் மீண்டும் பறந்தது. பொங்கல் கழிந்த வாரத்தில் நாங்கள் புறப்பட்டோம். அம்மாவுக்கு அப்போது 79 வயது. கட்டை எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். விமானம் கடலை நோக்கி எழுந்து வலப்புறம் திரும்பியது. சிறிது நேரம் கடற்கரை தெரிந்தது; பின்னர் நீர் மட்டுமே. சுழல் விசிறிகளின் ஒலி காதை அடைத்ததால் பேச முடியவில்லை. ஐம்பது நிமிடம் கழிந்ததும் ஒலி தணிந்தது. கீழே நுரைக்கோடும் அதை அடுத்துப் பனைகளும் தெரிந்தன. அப்பால் செம்மண். வலிகாமத்தின் மண் அப்படித்தான் இருக்கும். வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட சிறு சிறு சதுரங்கள், நடுவே கிணறுகள். அம்மா என் மணிக்கட்டைப் பற்றினார். கடிகாரம் அவர் கைக்குள் மறைந்துவிட்டதால் சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை என்னால் குறிக்க முடியவில்லை. கட்டை வைத்த நேரம் மட்டும் கிடைத்தது. மொத்தம் ஒரு மணி பதினெட்டு நிமிடம்.

நிலையம் சிறியது. நுழைவுப் பகுதியில் இருந்த அலுவலர் தமிழில் பேசினார். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டார். சுற்றுலா என்று படிவத்தில் நான் நிரப்பியிருந்ததை அம்மா அறியார். "தங்கச்சியைப் பார்க்க வந்தனான்" என்றார். கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்னும் கட்டத்தை அலுவலர் சற்று நேரம் பார்த்தார். பிறகு முத்திரையிட்டுத் தந்தார். வெளியே வந்ததும் அம்மா வேலிக்கு அப்பால் இருந்த பனந்தோப்பைக் காட்டி, தம் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கை அந்தப் பக்கம்தான் என்றார். அங்கே எந்த ஒழுங்கையும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருமுறை அழைத்தபின்பே வண்டியில் ஏறினார்.

பலாலியிலிருந்து சுன்னாகத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சித்தி ஊன்றுகோலோடு படலையடியில் நின்றிருந்தார். "அக்கா, வந்திட்டியளோ?" என்றார். காலை உணவை மீனம்பாக்கத்தில் உண்ட அம்மா, பகல் உணவைத் தங்கையின் கையால் உண்டார்.

அதற்குப் பின்னும் இந்தக் கடலில் வழிகள் கூடியிருக்கின்றன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் விடப்பட்டது. கடல்வழி ஏறத்தாழ 110 கி.மீ. 2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் பறக்கிறது. அந்த நேர்கோடு 184 கி.மீ.தான், சென்னை வழியில் ஏறத்தாழப் பாதி. ஆனால் கட்டை நேரம் பாதியாகவில்லை. ஏன் என்பதை மாணவர்கள் இதற்குள் அறிந்திருப்பர்.

நான்காம் நாள் எனக்கு விடுப்பு முடிந்தது. திரும்பும் விமானம் எட்டு நிமிடம் குறைவாகவே எடுத்துக்கொண்டது. காற்று எப்பக்கம் வீசியது என்று கேட்டறிய வாய்ப்பில்லை. என் பக்கத்து இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருந்தார். நுழைவிசைவு முப்பது நாளுக்குத் தந்திருக்கிறார்கள், முப்பது நாளும் இருந்துவிட்டுத்தான் வருவேன் என்று, முன்னாள் இரவே சித்தியின் கட்டிலில் காலை நீட்டி அமர்ந்தபடி அம்மா சொல்லிவிட்டார்.